குப்பை அஞ்சல் அனுப்புகிறவர்களின் நோக்கமும் உத்திகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தினமும் வந்து குவியும் குப்பை அஞ்சலைப் பார்த்து எரிச்சலடைகிறவர்கள் பலர். அதை அனுப்புகிறவருக்கு அது எப்படிக் கட்டுப்படியாகிறது என்று யோசிக்கிறவர்கள் குறைவு. அவருடைய வரவு செலவுக் கணக்கு புரிந்துவிட்டால், விசித்திரமாகத் தோன்றும் பல தந்திரங்களுக்குக் காரணம் தெரிந்துவிடும். ஆகவே பலரும் கேட்கும் கேள்விகளை அந்தக் கணக்கின் வழியாகவே இங்கே அணுகியிருக்கிறோம்.

குப்பை அஞ்சல் என்று எதைச் சொல்வது?

பெறுகிறவர் கேட்காமலே, மொத்தமாகப் பலருக்கு அனுப்பப்படும் மின்னஞ்சலே குப்பை அஞ்சல், அதாவது ஸ்பேம். இந்த இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்திருக்க வேண்டும். அறிமுகமில்லாத ஒருவர் உங்களுக்கென்றே எழுதி வேலை கேட்டால் அது ஸ்பேம் ஆகாது. நீங்களே பதிவு செய்துகொண்ட செய்திமடல் இப்போது சலித்துப்போயிருந்தாலும் அதுவும் ஸ்பேம் ஆகாது. உள்ளடக்கம் நல்லதா கெட்டதா என்பது பொருட்டல்ல. நற்பணிக்கு நன்கொடை கேட்கும் அஞ்சலானாலும் அனுமதியின்றி லட்சம் பேருக்குப் போனால் அது ஸ்பேம்தான்.

இதையெல்லாம் நம்பி யார் வாங்கப்போகிறார்கள்? யாரும் வாங்காவிட்டால் ஏன் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்?

வாங்குகிறார்கள். மிக மிகச் சிலரே வாங்குகிறார்கள், அஞ்சல் அனுப்ப ஏறத்தாழச் செலவில்லை என்பதால் அந்தச் சிலரே போதும் என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை.

2008-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, சான் டியேகோ வளாகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதை நேரடியாக அளந்து பார்த்தார்கள். உரிமையாளருக்குத் தெரியாமல் வேறொருவருடைய ஏவலுக்கு இயங்கும் கணினிகளின் கூட்டத்தைப் பாட்நெட் என்கிறார்கள். அப்படிப்பட்ட ஸ்டார்ம் என்ற பாட்நெட்டுக்குள் அவர்கள் நுழைந்து, அது அனுப்பிய மருந்து விளம்பரங்களில் ஒரு பகுதியைத் தாங்களே அமைத்த போலிக் கடைக்குத் திருப்பிவிட்டார்கள். அந்தக் கடையில் பொருளைத் தேர்ந்தெடுத்து, இறுதிப் பொத்தானை அழுத்தினால் பிழைச் செய்தி மட்டுமே வரும். யாரிடமும் பணம் வாங்கப்படவில்லை. 26 நாள்களில் சுமார் 35 கோடி அஞ்சல்கள் போயின. அவற்றில் ஏறத்தாழக் கால்வாசியைத்தான் பெறும் பக்கத்துச் சர்வர்கள் ஏற்றுக்கொண்டன. கடையை எட்டிப் பார்த்தவர்கள் பத்தாயிரத்துச் சொச்சம் பேர். வாங்கும் கட்டம் வரை போனவர்கள் 28 பேர்.

அதாவது ஒன்றேகால் கோடி அஞ்சலுக்கு ஒரு வாடிக்கையாளர். வேறெந்த வியாபாரமும் இந்த விகிதத்தில் ஒரு நாள்கூடத் தாங்காது. ஆனால் அந்த 28 பேரும் ஆளுக்குச் சராசரியாக நூறு டாலருக்குச் சற்றுக் குறைவாகச் செலவிட முன்வந்தார்கள். ஆய்வாளர்களின் கைக்கு வந்ததோ அந்தப் பாட்நெட்டின் ஒரு சிறு துண்டு மட்டுமே. முழுவதற்கும் கணக்கிட்டால் ஆண்டுக்கு 35 லட்சம் டாலர் அளவுக்கு விற்பனை இருக்கக்கூடும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். அந்த 28 பேரில் 27 பேர் தேர்ந்தெடுத்தது ஆண்மை தொடர்பான மருந்துகளை. நேரில் மருத்துவரிடம் சொல்லக் கூசிய ஒன்றை யாருக்கும் தெரியாமல் தீர்த்துக்கொள்ள நினைத்தவர்களாகவே அவர்களைப் பார்க்கத் தோன்றுகிறது. அவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

அனுப்புகிறவருக்கு ஏறத்தாழச் செலவே இல்லை என்றால், செலவை யார் சுமக்கிறார்கள்?

பெறுகிறவர்கள் சுமக்கிறார்கள். அஞ்சலைச் சேமிக்கும் இடம், வடிகட்டும் சர்வர்கள், அவற்றைப் பராமரிக்கும் ஆள்கள், தப்பி வந்தவற்றை நீக்க நாம் செலவிடும் நேரம், தவறுதலாகக் குப்பைக்குள் போய்விட்ட முக்கியமான ஒரு கடிதத்தால் ஏற்படும் இழப்பு, இவை எல்லாமே நம் தலையில்தான் விழுகின்றன. ஜஸ்டின் ராவ், டேவிட் ரைலி என்ற பொருளியலாளர்கள் 2012-இல் வெளியிட்ட கணக்குப்படி, அமெரிக்க நிறுவனங்களுக்கும் மக்களுக்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,000 கோடி டாலர் செலவாகிறது. உலகம் முழுவதிலுமாக ஸ்பேம் அனுப்புகிறவர்களும் அவர்கள் வழியே விற்கிறவர்களும் ஈட்டும் மொத்த வருவாயோ 20 கோடி டாலர் அளவுதான். ஒருவர் ஒரு டாலர் சம்பாதிக்கப் பிறர் நூறு டாலர் இழக்கிறார்கள். ஸ்பேமைச் சில்லறைத் தொல்லை என்று சொல்லிக் கடந்துபோக முடியாததற்கு இந்த ஒரு விகிதமே போதுமான காரணம்.

இது எப்போது தொடங்கியது?

1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் அலுவலர் கேரி துர்க், தங்கள் புதிய கணினிகளின் செயல்விளக்கத்துக்கு அழைத்து இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வலையமைப்பின் பயனர்களில் சுமார் 400 பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினார். கண்டனம் உடனே வந்தது. ஆனால் அதனால் நல்ல விற்பனை நடந்தது என்று அவர் பின்னாளில் சொன்னார். கண்டனத்தைவிட விற்பனையே பின்னால் வந்தவர்களுக்குப் பாடமாயிற்று.

அனுப்புகிறவர் தனி ஆளா, கூட்டமா?

தொடக்கத்தில் தனி ஆள்கள்தான். இப்போது இது வேலைகள் பிரிக்கப்பட்ட ஒரு தொழில். முகவரிப் பட்டியல் திரட்டி விற்கிறவர் ஒருவர். பாட்நெட்டை வாடகைக்கு விடுகிறவர் இன்னொருவர். புகார் வந்தாலும் தளத்தை நீக்காமல் இடம் கொடுக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் வேறு. வந்த பணத்தை மாற்றிக் கொடுக்கிறவர் வேறு. மருந்து விற்பனையில், அஞ்சல் அனுப்புகிறவர் பெரும்பாலும் பொருளைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. விற்பனைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் விலையில் 30 முதல் 40 சதவீதம் வரை அவருக்குக் கமிஷன் கிடைத்தது.

ஏதாவது ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுவதும் ஆடிப்போகும். 2008 நவம்பரில் மெக்கோலோ என்ற ஒரே ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்டதும், உலகின் ஸ்பேம் அளவு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரிந்தது. சில மாதங்களிலேயே பழைய நிலைக்குத் திரும்பியும் விட்டது. சர்வரை மாற்றுவது எளிது. வங்கியை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. ஸ்பேம் வழியாக விற்கப்படும் மருந்து, போலிப் பொருள், திருட்டு மென்பொருள் ஆகியவற்றில் 95 சதவீதத்துக்கான பணம் மூன்றே வங்கிகள் வழியாகப் போகிறது என்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதற்குப் பிறகு, போலிகளால் பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் தாங்களே சோதனைக்கு வாங்கிப் பார்த்து, பணம் எந்தக் கணக்கில் சேர்கிறது என்று கண்டுபிடித்துக் கார்டு நிறுவனங்களிடம் முறையிட்டன. அந்தக் கணக்குகள் மூடப்பட்டபோதுதான் இந்த வியாபாரத்துக்கு உண்மையாகவே வலித்தது.

எல்லா ஸ்பேமுக்கும் விற்பனைதான் நோக்கமா?

இல்லை. விற்பனை விளம்பரம் இன்று பழைய முகம். கடவுச்சொல்லைப் பறிக்கும் பிஷிங், கணினிக்குள் நச்சு மென்பொருளைப் புகுத்துவது, பெருந்தொகை வருகிறது என்று சொல்லி முன்பணம் கறப்பது, மிரட்டிப் பணம் கேட்பது ஆகியவையே அதிகம் கேடு விளைவிக்கின்றன. பங்குச்சந்தை மோசடி இன்னொரு வகை: அதிகம் கைமாறாத ஒரு நிறுவனத்தின் பங்கை மலிவாக வாங்கிக் குவித்துவிட்டு, அது ஏறப்போகிறது என்று லட்சக்கணக்கானவர்களுக்கு அனுப்பி, அவர்கள் வாங்கி விலை ஏறும்போது தாம் விற்று விலகிக்கொள்வது. இதில் வாங்கச் சொல்லிச் சுட்டி எதுவும் இருக்காது என்பதால் அனுப்பியவருக்கும் அந்தப் பங்குக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிப்பது கடினம்.

நச்சு மென்பொருளைப் பரப்புகிறவர்களில், எமோடெட் என்ற மென்பொருளை ஏவிய கூட்டம் கையாண்ட உத்தியை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவருடைய கணினியைப் பிடித்ததும், அவருடைய அஞ்சல் பெட்டியில் இருந்த பழைய உரையாடல்களை அது திருடிக்கொள்ளும். பிறகு அந்த உரையாடலில் பங்கேற்ற மற்றவருக்கு, அதே தலைப்பில், கீழே அவர் முன்பு எழுதிய வரிகள் அப்படியே இருக்க, மேலே “இணைத்துள்ள கோப்பைப் பாருங்கள்” என்று ஒரு வரியை மட்டும் சேர்த்துப் பதில் போல அனுப்பும். தன் சொந்த எழுத்தைக் கீழே பார்க்கிறவருக்குச் சந்தேகம் வருவது அரிது.

சில நேரங்களில் அஞ்சல்களின் எண்ணிக்கையே ஆயுதம். திடீரென்று ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான செய்திமடல் உறுதிப்படுத்தல்கள் உங்களுக்கு வந்து குவிந்தால், அவற்றுக்கு நடுவே உங்கள் வங்கியோ கடையோ அனுப்பிய ஒரு எச்சரிக்கையைப் புதைப்பது நோக்கமாக இருக்கலாம். அப்போது முதலில் பார்க்க வேண்டியது வங்கிக் கணக்கை.

நிறுவனத் தலைவர் பெயரில் கணக்காளருக்கு எழுதி, பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லும் மோசடி மொத்தமாக அனுப்பப்படுவதில்லை. கண்டிப்பாகப் பார்த்தால் அது ஸ்பேம் அல்ல. ஆயினும் இழப்பு அதில்தான் பெரிது. 2023-இல் அமெரிக்காவின் எஃப்பிஐ-யிடம் பதிவான புகார்களில் இந்த வகை இழப்பு மட்டும் ஏறத்தாழ 290 கோடி டாலர்.

முன்பணம் கேட்கும் அஞ்சல்களின் கதை ஏன் இவ்வளவு நம்பமுடியாததாக இருக்கிறது? இன்னும் நன்றாக எழுதக் கூடாதா?

நன்றாக எழுதினால் அவர்களுக்கு நஷ்டம். மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கார்மக் ஹெர்லி 2012-இல் தந்த விளக்கம் இது. அஞ்சல் அனுப்ப ஏறத்தாழச் செலவில்லை. ஆனால் பதில் எழுதுகிற ஒவ்வொருவரோடும் வாரக்கணக்கில் பேச ஒரு மோசடிக்காரரின் நேரம் செலவாகிறது. நம்பும்படி எழுதினால் பலரும் பதில் எழுதுவார்கள். பணம் கேட்கும் கட்டத்தில் பெரும்பாலானோர் விலகுவார்கள். அதுவரை செலவிட்ட நேரம் வீண். கதை அபத்தமாக இருந்தால், கடைசிவரை வரக்கூடியவர்கள் மட்டுமே பதில் எழுதுவார்கள். அபத்தம் ஒரு சல்லடை.

ஆனால் பிஷிங் அஞ்சலுக்கு இந்தத் தர்க்கம் பொருந்தாது, ஏனென்றால் அங்கே சிக்குகிறவரோடு யாரும் பேச வேண்டியதில்லை. ஒரு படிவம் கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளும். எனவே அது எவ்வளவு அசலாகத் தெரிகிறதோ அவ்வளவு லாபம். இன்று மொழி மாதிரிகள் எனப்படும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களைக் கொண்டு எந்த மொழியிலும் பிழையில்லாமல் எழுதிவிட முடிகிறது. எழுத்துப் பிழையை வைத்து மோசடியைக் கண்டுபிடிக்கலாம் என்ற பழைய அறிவுரையை இனி யாருக்கும் சொல்லாமல் இருப்பது நல்லது. பிழையில்லாத அஞ்சல் நம்பகமானது என்ற தவறான தைரியத்தை அது கொடுத்துவிடுகிறது.

என் முகவரி அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?

இணையப் பக்கங்களைத் துழாவும் நிரல்கள் வழியாகக் கிடைத்திருக்கலாம். பொதுவான பெயர்களையும் எண்களையும் சேர்த்து முகவரிகளை ஊகித்து அனுப்பிப் பார்த்திருக்கலாம். உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவருடைய கணினியில் புகுந்த நச்சு மென்பொருள் அவருடைய முகவரிப் புத்தகத்தை அள்ளியிருக்கலாம். இன்றைய நிலையில் மிகச் சாதாரணமான காரணம், நீங்கள் எப்போதோ கணக்குத் தொடங்கிய ஏதோ ஒரு தளத்திலிருந்து தகவல் கசிந்ததே.

என் சொந்த முகவரியிலிருந்தே எனக்கு மிரட்டல் வந்திருக்கிறது. என் கடவுச்சொல்லும் அதில் இருக்கிறது. என் கணினிக்குள் யாரோ புகுந்துவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. மின்னஞ்சலை எடுத்துச் செல்லும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982-இல் வகுக்கப்பட்டது. ஒருவரை ஒருவர் அறிந்த சிறு வட்டத்துக்காக உருவான அதில், அனுப்புகிறவர் தம் பெயரென்று எதை எழுதினாலும் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. “அனுப்புநர்” என்ற வரியில் உங்கள் முகவரியையே எழுதி உங்களுக்கே அனுப்புவது அதனால்தான் முடிகிறது. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் போன்ற சரிபார்ப்பு முறைகள் பிற்பாடு மேலே பூசப்பட்டவை. எல்லா டொமைன்களும் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்கள்) அவற்றைக் கண்டிப்பாகச் செயல்படுத்துவதில்லை.

கடவுச்சொல் பழைய கசிவுப் பட்டியல் ஒன்றிலிருந்து எடுத்தது. 2018 முதல் இந்த வகை மிரட்டல் பெருமளவில் வருகிறது: உங்கள் கேமரா வழியாக அந்தரங்கக் காட்சியைப் பதிவு செய்துவிட்டோம், இத்தனை மணி நேரத்துக்குள் பிட்காயின் அனுப்பாவிட்டால் உங்கள் தொடர்பில் உள்ள எல்லோருக்கும் அனுப்புவோம் என்பார்கள். ஒரே வாசகம், கடவுச்சொல் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். பணம் அனுப்பாதீர்கள். அந்தக் கடவுச்சொல்லை இன்னும் எங்காவது பயன்படுத்தினால் இன்றே மாற்றுங்கள். பயத்தையும் வெட்கத்தையும் தனியாகச் சுமக்காமல், நம்பிக்கையான ஒருவரிடம் அந்த அஞ்சலைக் காட்டிவிடுங்கள். இந்த மிரட்டல் பலிப்பதே, பெற்றவர் யாரிடமும் வாய் திறக்க மாட்டார் என்ற எதிர்பார்ப்பில்தான்.

வடிகட்டிகளை எப்படித் தாண்டுகிறார்கள்?

ஒவ்வொரு தடைக்கும் ஒரு மாற்று வழி கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. சொற்களைப் பார்த்துத் தடுத்தபோது, எழுத்துக்கு நடுவே புள்ளி வைத்தார்கள், எண்களைச் செருகினார்கள். 2002-க்குப் பிறகு சொற்களின் நிகழ்தகவைக் கணக்கிடும் வடிகட்டிகள் பரவியபோது, தொடர்பில்லாத நல்ல சொற்களை அஞ்சலின் அடியில் கொட்டினார்கள். அவற்றை வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வைத்தால் வடிகட்டிக்குத் தெரியும், வாசகருக்குத் தெரியாது. 2006 வாக்கில் செய்தி முழுவதையும் படமாக அனுப்பினார்கள். இப்போது அந்த இடத்தில் கியூஆர் குறி வந்திருக்கிறது. அலுவலகக் கணினியில் வந்த அஞ்சலைப் பாதுகாப்புக் குறைந்த கைபேசியால் ஸ்கேன் செய்ய வைப்பதில் அவர்களுக்கு இரட்டை லாபம்.

முகவரியைத் திரிப்பது இன்னொரு கலை. ஆர், என் என்ற இரண்டு ஆங்கிலச் சிறிய எழுத்துகளை அடுத்தடுத்து வைத்தால் சிறு திரையில் எம் போலவே தெரியும். அப்படி ஒரு டொமைனைப் பதிவு செய்துகொண்டால், அது அவர்களுடைய சொந்த டொமைனே என்பதால், மேலே சொன்ன சரிபார்ப்புகள் எல்லாவற்றிலும் அது முறையாகத் தேறிவிடும். சரிபார்ப்பு சொல்வது “இது இந்த டொமைனிலிருந்துதான் வந்தது” என்பதை மட்டுமே. அந்த டொமைன் நேர்மையானதா என்பதை அது சொல்வதில்லை.

அனுப்பும் இடத்திலும் இதே ஓட்டம்தான். ஒரு ஐபி முகவரி (இணையத்தில் ஒரு கணினியைக் குறிக்கும் எண்) தடைப்பட்டியலில் சேர்ந்தால் பாட்நெட்டின் ஆயிரம் முகவரிகளிலிருந்து அனுப்பினார்கள். அதுவும் பிடிபட்டபோது, ஒவ்வொரு முகவரியிலிருந்தும் சந்தேகம் வராத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினார்கள். நற்பெயருள்ள ஒருவருடைய கணக்கைத் திருடி அதன் வழியே அனுப்புவதும், பெயர்பெற்ற கோப்புப் பகிர்வுச் சேவைகளில் கோப்பை வைத்துவிட்டு அந்தச் சேவையே அழைப்பு அனுப்பும்படி செய்வதும் இன்று அதிகம் நடக்கிறது.

அஞ்சலைத் திறந்தாலே அவர்களுக்குத் தெரிந்துவிடுமா?

படங்கள் தானாக ஏற்றப்பட்டால் தெரியக்கூடும். அஞ்சலுக்குள் ஒரே ஒரு பிக்ஸல் அளவில் கண்ணுக்குத் தெரியாத படம் இருக்கும். அதன் முகவரியில் உங்களுக்கென்று தனி எண் இருக்கும். படம் கேட்கப்பட்ட நொடியில், உங்கள் முகவரி உயிரோடு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அப்படி உறுதியான முகவரிக்கு விலை அதிகம். தெரியாதவர்கள் அனுப்பும் படங்களைத் தானாக ஏற்ற வேண்டாம் என்று அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

“அன்சப்ஸ்கிரைப்” சுட்டியை அழுத்தலாமா?

நீங்கள் அறிந்த நிறுவனம் என்றால் அழுத்தலாம். அமெரிக்காவில் 2003-இல் இயற்றப்பட்ட கேன்-ஸ்பேம் சட்டம், விலகக் கேட்டவரைப் பத்து வேலை நாள்களுக்குள் நீக்க வேண்டும் என்கிறது. 2024 முதல் கூகுளும் யாஹூவும், மொத்தமாக விளம்பரம் அனுப்புகிறவர்கள் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும் என்று நிபந்தனை விதித்திருக்கின்றன. யாரென்றே தெரியாதவர் அனுப்பியது என்றால் சுட்டியைத் தொடாமல் ஸ்பேம் என்று குறியிடுங்கள். சட்டத்தை மதிக்காதவர் விலகல் கோரிக்கையை மட்டும் மதிக்கப்போவதில்லை.

அவர்களுக்குக் காட்டமாகப் பதில் எழுதலாமா?

வேண்டாம். அனுப்புநர் முகவரி பெரும்பாலும் திருடப்பட்டது. உங்கள் கோபம், ஒன்றுமறியாத மூன்றாமவர் ஒருவருடைய பெட்டியில் போய் விழும்.

சட்டத்தால் ஏன் நிறுத்த முடியவில்லை?

இன்னும் இரண்டு ஆண்டுகளில் ஸ்பேம் ஒழிந்துவிடும் என்று 2004-இல் பில் கேட்ஸ் சொன்னார். வடிகட்டிகள் வெகுவாக மேம்பட்டன என்பது உண்மை; அனுப்பப்படும் அளவு ஒழியவில்லை. அனுப்புகிறவர் ஒரு நாட்டில், சர்வர் வேறு நாட்டில், வங்கி மூன்றாவது நாட்டில், பாதிக்கப்பட்டவர் நான்காவதில் என்றிருக்கும்போது ஒரு நாட்டின் சட்டம் நெடுந்தூரம் போவதில்லை. சட்டங்களும் ஒரே மாதிரி இல்லை: ஐரோப்பிய ஒன்றியத்திலும் கனடாவிலும் பொதுவாக முன் அனுமதி வேண்டும், அமெரிக்காவில், மறுக்கும்வரை அனுப்பலாம். கூட்டு நடவடிக்கைகள் பலனளிக்கின்றன, ஆனால் நிலைப்பதில்லை. பல நாட்டுக் காவல்துறையினர் சேர்ந்து 2021 ஜனவரியில் எமோடெட்டை முடக்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் அது திரும்பி வந்தது.

கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டேன், அல்லது பணம் அனுப்பிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

பணம் போயிருந்தால் முதலில் வங்கியை அழையுங்கள். காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவுக்கும் உடனே தெரிவியுங்கள். பரிமாற்றத்தை நிறுத்த முடிகிற நேரம் மிகக் குறுகியது.

கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால், அதை மாற்றி, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை இயக்கி, பிற சாதனங்களில் திறந்திருக்கும் உள்நுழைவுகள் அனைத்தையும் வெளியேற்றுங்கள். பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அஞ்சல் அமைப்புகளுக்குள் போய், தானாக முன்னனுப்பும் முகவரி ஏதாவது சேர்க்கப்பட்டிருக்கிறதா, புதிய விதிகள் ஏதாவது இருக்கின்றனவா என்று பாருங்கள். உள்ளே வந்தவர் வழக்கமாகச் செய்யும் முதல் வேலை, “வங்கி”, “விலைப்பட்டியல்” போன்ற சொற்கள் உள்ள அஞ்சல்கள் உங்கள் கண்ணில் படாமல் நேராகக் குப்பைக்கோ யாரும் திறக்காத ஒரு கோப்புறைக்கோ போகும்படி விதி எழுதுவதுதான். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருக்கும்.

அடுத்த சில வாரங்களில், இழந்த பணத்தை மீட்டுத் தருவதாக வழக்கறிஞர் பெயரிலோ காவல் அதிகாரி பெயரிலோ ஓர் அஞ்சல் வரக்கூடும். ஏமாந்தவர்களின் பட்டியலும் விற்கப்படுகிறது என்பதால் உங்கள் பெயரும், இழந்த தொகையும்கூட அதில் சரியாக இருக்கலாம். கட்டணத்தை முன்கூட்டியே கேட்டால், அது அதே மோசடியின் இரண்டாம் சுற்று. பதில் எழுதாமல், அதையும் உங்கள் புகாரோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.